தாலிக்கொடியை அடகு வைத்த காசு முற்பணம் ஆகாது

போன திங்கட்கிழமை காலை, நெல் விற்ற காசை வைப்பிலிட வந்த கூட்டத்துக்கு நடுவே ஒரு சோடி, வங்கியில் கடன் பார்க்கிற என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தது. அவர் ஓட்டோ ஓட்டுகிறவர். மனைவிக்கு ஆடைத் தொழிற்சாலையில் 11 வருட வேலை. பரந்தன் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள், விலை 40 இலட்சம். "மிஸ், பத்து இலட்சம் எங்கட கையில இருக்கு. மிச்ச முப்பதையும் நீங்கள் தந்தால் சரி" என்றார் அவர். அவளுடைய கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது.

தாலிக்கொடி எங்கே என்று கேட்டேன். குனிந்துகொண்டாள்.

இந்த மாதத்தில் இது நான்காவது சோடி. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பத்து இலட்சத்தைப் பிரித்துப் பார்த்தோம். தாலிக்கொடியும் காப்பும் அடகில், 3 இலட்சம். தவணை கட்டி முடித்த ஓட்டோவை மறுபடி லீசிங்கில் வைத்து 4. அவளுடைய பெயரிலும் மாமியாருடைய பெயரிலும் குழுக்கடன் 2. மிச்சம் 1 இலட்சம் ஊரில் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு. அடகு வட்டியை விட்டுவிட்டுக் கூட்டினாலே மாதம் 38,000 ரூபா போகிறது. வீட்டுக்கடனின் முதல் தவணை இன்னும் தொடங்கவே இல்லை.

"காசு எங்கயிருந்து வந்தால் வங்கிக்கு என்ன?" இதைக் கேட்காத ஆளில்லை. வங்கிக்கு நிறையவே இருக்கிறது. உங்கள் பங்கைக் கேட்பது சடங்குக்காக இல்லை. மாதாமாதம் ஏதோ கொஞ்சம் மிச்சம் பிடிக்கக்கூடிய குடும்பமா என்று பார்ப்பதற்குத்தான். ஐந்து வருடமாக மாதம் 8,000 ரூபா போட்டு வந்த சேமிப்புப் புத்தகம் ஒன்றைக் காட்டினால், இதே குடும்பம் தவணையும் கட்டும் என்று நான் துணிந்து எழுதுவேன். நாலு இடத்தில் வாங்கிச் சேர்த்த பத்து இலட்சத்தைக் காட்டினால், ஏற்கெனவே நாலு பேருக்குக் கட்டவேண்டிய குடும்பம் என்றுதான் எழுத முடியும். நகையை விற்றால் அது உங்கள் காசு. அடகு வைத்தால் கடன். இந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

மறைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று பதிந்து வைக்கிற கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை (கிறிப்) எடுத்தால் லீசிங், குழுக்கடன், நீங்கள் அடுத்தவருக்கு வைத்த பிணை எல்லாம் வரிசையாக நிற்கும். குழுவில் பக்கத்து வீட்டுக்காரிக்காகக் கையெழுத்துப் போட்டதை மறந்தே போனவர்கள் என் மேசையில்தான் அதை ஞாபகப்படுத்திக்கொள்கிறார்கள். (கிறிப்பில் பெயர் இருந்தாலே கடன் இல்லை என்பதும் கதைதான். ஒழுங்காகக் கட்டிய கடனும் அங்கே பதிவாகும், அது உங்களுக்கு நல்லது.)

நூற்றுக்குப் பத்து என்பது மாதத்துக்கு. வருடத்துக்கு 120 வீதம். சரி, இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அடுத்தது கணக்குப் பிழை. 40 இலட்சத்தில் கால்வாசி 10, ஆகவே 10 இருந்தால் போதும் என்று வருகிறார்கள். வங்கி கடன் கொடுப்பது விற்பவர் சொன்ன விலைக்கு இல்லை, மதிப்பீட்டாளர் எழுதிய பெறுமதிக்கு. அவர் 32 இலட்சம் என்று எழுதினால், 75 வீதம் தருகிற வங்கி தரும் உச்சம் 24 இலட்சம். உங்கள் கையில் இருக்கவேண்டியது அப்போது 16. அதுவும் உங்கள் சம்பளம் அந்தத் தவணையைத் தாங்கினால் மட்டும்தான். மதிப்பீட்டுக் கட்டணம், நொத்தாரிசு செலவு, முத்திரை வரி எல்லாம் வேறு. வட்டி கூடித் தவணை ஏறினாலும் தாங்குகிற மாதிரிச் சம்பளத்தில் கொஞ்சம் இடைவெளியும் விடுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியதை அதற்குள் மறந்தாச்சா?

இன்னொன்று, வன்னியில் இது பெரிய தலையிடி. உருத்திரபுரம், வட்டக்கச்சி, முத்தையன்கட்டு மாதிரிக் குடியேற்றத் திட்டங்களில் பல காணிகள் உறுதிக்காணி, அதாவது சொந்தமாக விற்கப் பத்திரம் உள்ள காணி, இல்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. இந்தச் சோடி பார்த்த காணியும் பெர்மிட்தான். அதுவும் விற்பவருடைய அப்பா பெயரில், அப்பா செத்து ஆறு வருடம். அதற்கு இவர்கள் வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கி, அந்தப் பத்திலிருந்தே 5 இலட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். "தெரிஞ்ச ஆக்கள் மிஸ்" என்கிறார். தெரிந்த ஆட்களிடம்தான் திருப்பிக் கேட்கவும் வெட்கம்!

ஆகவே தயவு செய்து, முதலில் பத்திரத்தின் பிரதியோடு வங்கிக்கு வாருங்கள், அப்புறம் அட்வான்ஸ் பற்றிப் பேசலாம். எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

நான் அவளிடம் கேட்டேன்: "தங்கச்சி, உமக்கு ஈபிஎப் எவ்வளவு இருக்கு?" ஊழியர் சேமலாப நிதியைத்தான் கேட்டேன். தெரியாது என்றாள். மாதாமாதம் அவளுடைய சம்பளத்தில் 8 வீதமும் கொம்பனி போடுகிற 12 வீதமுமாக 11 வருடம் சேர்ந்த காசு. எடுப்பித்துப் பார்த்தபோது 7 இலட்சத்துச் சொச்சம் கிடந்தது. பத்து வருடம் பங்களிப்புச் செய்து, மீதி 3 இலட்சத்துக்கு மேல் இருந்தால், வீட்டுத் தேவைக்கு அதில் 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். தொழில் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவளுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் வரும். வட்டியில்லை, தவணையில்லை. வயது போன காலத்துக்கான காசு என்பதால் யோசித்துத்தான் எடுக்கவேண்டும், ஆனால் நூற்றுக்குப் பத்தோடு ஒப்பிட்டால் எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

கனடாவில் தமையன் தருவதாகச் சொல்லியிருந்தால் நல்லது. வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு மாற்றுகிற உண்டியலில் எடுக்காமல் உங்கள் கணக்குக்கே போடச் சொல்லுங்கள். உரப்பையில் கட்டிக் கொண்டுவரும் நோட்டுக்கு என்னால் வரலாறு எழுத முடியாது. வயல் செய்கிறவர்கள் காலபோகம் வெட்டின கையோடு, கடைக்கடன் போக மிஞ்சுவதில் ஒரு பங்கை நிலையான வைப்பில் போட்டுவிடுங்கள். கையில் வைத்திருந்தால் அடுத்த பூப்புனித நீராட்டு விழாவோடு அது போய்விடும், எனக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்கள், தெரியும்.

அந்தச் சோடிக்குக் கடன் நான் பரிந்துரைக்கவில்லை. கையில் மிச்சமிருந்த 5 இலட்சத்தில் முதலில் வட்டிக்காரனுடைய ஒரு இலட்சத்தை முடிக்கச் சொன்னேன், அதற்கடுத்துத் தாலிக்கொடி. விற்பவர் அட்வான்ஸில் இரண்டு இலட்சம் திருப்பித் தந்திருக்கிறாராம். மிச்சம் சிறுபோகம் வெட்டின பிறகாம்.