போதகர் யாரிடம் போய்ச் சொல்வார்?

திங்கட்கிழமை காலையை நான் போதகர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனை, மத்தியானம் ஒரு கல்யாணமோ அடக்க ஆராதனையோ, சாயங்காலம் வாலிபர் கூட்டம், ராத்திரி கமிட்டி. எல்லாம் முடிந்து அவர்கள் மூச்சு விடுவது மறுநாள்தான். பாளையங்கோட்டையில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். சுற்றுவட்டாரத்திலிருந்து எல்லாச் சபைகளையும் சேர்ந்த ஊழியர்கள் வருகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய சம்மதத்தோடு, ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். நான்கு கிராமச் சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்துக்குக் குருவானவர். நல்ல பிரசங்கி. கைபேசியைத் தொடைமேல் திரை தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது அதிரும்போதெல்லாம் பேச்சு நின்றுவிடும். எடுக்க மாட்டார், ஆனால் யார் என்று பார்க்காமலும் இருக்க முடியாது. "எப்படி இருக்கீங்க ஐயா?" என்று கேட்டேன். "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேன்" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நடந்தது இதுதான். அசனப் பண்டிகையன்று ஊரே பந்தியில் இருக்கும்போது, ஒலிபெருக்கி நின்றுபோனதற்காக, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியாரை எல்லார் முன்னாலும் ஒருமையில் திட்டிவிட்டார். அந்தப் பெரியவருக்கு 67 வயது. முப்பது வருடமாக அந்தக் கோயிலில் மணி அடிக்கிறவர். திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு மணி அடிக்க வரவில்லை. கமிட்டியில் ஒரு கோஷ்டி அதைப் பிடித்துக்கொண்டது. பேராயருக்கு மனு போனது.

"ஏன் அப்படிச் சத்தம் போட்டேன்னு எனக்கே தெரியலை" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. எட்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்புத் தட்டினால் அவ்வளவுதான். எட்டு மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று கேட்டேன். அப்பா இறந்திருக்கிறார். அடக்க ஆராதனையை அங்கி போட்டு நடத்தியதே இவர்தான். மறுநாள் சேகரத்தில் ஒரு கல்யாணம். திரும்பி வந்து அதையும் நடத்தியிருக்கிறார்.

"அப்பா இறந்தப்ப யார்கிட்ட போய் அழுதீங்க?"

வெகுநேரம் யோசித்தார். கைபேசி அதிர்ந்தது, பார்க்கவில்லை. "யார்கிட்டயும் இல்லைங்க. யார்கிட்ட போய் அழுவேன்?"

இந்தப் பதிலை வேறு வேறு வாயிலிருந்து நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஊருக்கே ஆறுதல் சொல்கிறவர்களுக்கு, தங்கள் துக்கத்தை இறக்கி வைக்க ஒரு திண்ணை கிடையாது. மேலே இருப்பவர்களிடம் சொல்லலாமென்றால் மாற்றல் அவர்கள் கையில் இருக்கிறது. கமிட்டியிடம் சொன்னால் அடுத்த சபைத் தேர்தலில் அது துண்டுப் பிரசுரமாக வரும். தனிச் சபை நடத்தும் பாஸ்டர்களுக்கு மேலே யாருமே இல்லை. அடுத்த தெருவில் இருக்கும் பாஸ்டரிடம் மனம் திறந்தால் விசுவாசிகள் அங்கே போய்விடுவார்களோ என்ற பயம். மாதாந்திரப் போதகர் ஐக்கியத்தில் பாட்டு உண்டு, செய்தி உண்டு, நல்ல சாப்பாடு உண்டு. "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. கடைசியில் எல்லாம் மனைவி தலையில்தான் வந்து விழுகிறது. அவரும் அதே வீட்டில், அதே மனுவின் கீழே வாழ்கிறவர்தானே? அவருக்கும் ஒரு ஆள் வேண்டும்.

வேதாகமக் கல்லூரியில் வருடக்கணக்கில் கிரேக்கமும் எபிரெயமும் பிரசங்கக் கலையும் படிக்கிறார்கள். எதிர்த்துப் பேசுகிறவன்மேல் வரும் கோபத்தை என்ன செய்வது, நம்மைவிட நன்றாகப் பாடுகிற உதவி ஊழியர்மேல் வரும் பொறாமையை எங்கே வைப்பது என்பதெல்லாம் பரீட்சைக்கு வருகிற பாடமாக இருப்பதில்லை. பட்டம் கொடுத்து, அங்கி போர்த்தி, இருபத்தெட்டு வயதில் முந்நூறு குடும்பத்துக்குத் தகப்பனாக உட்கார வைத்துவிடுகிறோம். அறிவு வளர்ந்த வேகத்தில் மனம் வளரவில்லை என்றால் அந்தப் பிள்ளையை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பணிச் சோர்வை வரையறுத்தபோது அதை நோய் என்று வைக்கவில்லை. வேலை சார்ந்த ஒரு நிலை என்று வைத்தது. மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையின்மேல் ஒரு வெறுப்பும் விலகலும் வருவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது. ஊழியர்களிடம் இவை வேறு முகத்தோடு வரும். தன்னை எதிர்க்கிறவர்களைப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அடிப்பது ஒன்று. சபைக்குச் சிரித்த முகமும் பிள்ளைகளுக்குக் கடுகடுப்பும் இன்னொன்று. வீடு சந்திப்புக்குப் போக நினைத்தாலே வயிறு பிசையும். எதைக் கேட்டாலும் "ஆவிக்குரிய போராட்டம்" என்ற ஒரே பதில் வந்தால் நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். போராட்டம் உண்மையாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் இருப்பது பயமா, வெட்கமா, துக்கமா என்று பெயர் சொல்லிக் கூப்பிடாதவரை அது போவதில்லை.

பழைய ஏற்பாட்டில் வரும் தீர்க்கதரிசி எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி. அதற்குப் பிறகு அவரைக் கொல்லப்போவதாக ராணி யேசபேல் ஒரு செய்தி அனுப்பியதும் உயிருக்குப் பயந்து ஓடுகிறார், வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குப் போகிறார், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்கிறார். கர்த்தர் அவருக்கு முதலில் தந்தது தூக்கமும் அடையும் தண்ணீரும். திரும்பவும் தூக்கம், திரும்பவும் சாப்பாடு. அப்புறம்தான் கேள்வி: "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" இந்தக் கேள்வி இரண்டு முறை கேட்கப்படுகிறது. எலியா இரண்டு முறையும் அதே பதிலைத்தான் சொல்கிறார், நான் ஒருவன்தான் மீதியாக இருக்கிறேன் என்று. காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, மெல்லிய சத்தம் எல்லாம் கடந்த பிறகும் அவர் புலம்பலில் மாற்றம் இல்லை. ஒரு ஆலோசகராக இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய அனுபவம் ஒன்று கிடைத்துவிட்டால் மனம் உடனே மாறிவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அப்படி மாறுவதில்லை. "உன் பதில் தப்பு" என்று கர்த்தர் அவரைக் கடியவும் இல்லை. கையில் வேலை கொடுத்தார், ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற உண்மையைச் சொன்னார், அவருக்கு அடுத்துத் தீர்க்கதரிசியாகப்போகும் எலிசாவிடம் அனுப்பினார். அதற்குப் பிறகு எலியா பெரும்பாலும் தனியாக நடக்கவில்லை.

மென்ட்டரிங் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். வழிகாட்டுதல் என்று தமிழில் சொல்லலாம், ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதுமே ஒருவர் விரல் நீட்டி வழி காட்டுவதுபோலத் தோன்றிவிடுகிறது. நான் பார்த்தவரை நல்ல வழிகாட்டிகள் பேசுவது குறைவு. தலைவராக இருக்கிறவர், ஒரு மணி நேரம் தலைவராக இல்லாமல் உட்கார இடம் தருகிறார்கள். மனம் வளர்வது அந்த இடத்தில்தான்.

என்னிடம் வந்த குருவானவருக்கு நான் ஆலோசனை கொடுத்தது ஆறு மாதம். தூக்கத்துக்கும் துக்கத்துக்கும் என்னால் உதவ முடிந்தது. ஆனால் ஊழியத்தின் உள்வீட்டுச் சங்கடம் எனக்குத் தெரியாது. அதில் ஊறியவர் ஒருவர் வேண்டும். "நீங்க மதிக்கிற, உங்க மாற்றல்ல கை வைக்க முடியாத, வயசான ஒரு ஆள் இருக்காங்களா?" என்று கேட்டேன். ஓய்வு பெற்ற ஒரு குருவானவரின் பெயரைச் சொன்னார். போய்க் கேட்க அவருக்கு மூன்று வாரம் ஆனது. அவ்வளவு கூச்சம்.

மாதத்தின் முதல் திங்கள் அந்தப் பெரியவர் வீட்டில் சந்திப்பு என்று ஏற்பாடானது. பெரியவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கைபேசி அடுப்பங்கரையில் தன் மனைவியிடம் இருக்க வேண்டும். சுக்குக் காப்பி வரும். பெரியவர் ஒவ்வொரு மாதமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாராம்: "இந்த மாசம் யார் மேல கோபம் வந்துச்சு தம்பி?" கேட்டுவிட்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். முதல் மாதம் பதில் இல்லை. இரண்டாவது மாதம் கமிட்டிச் செயலாளர். மூன்றாவது மாதம் இவர் வாயில் வந்தது, "எங்க அப்பா மேல" என்று. பெரியவர் வசனம் எதுவும் சொல்லவில்லை. தன் மகன் தன்னோடு ஏழு வருடம் பேசாமல் இருந்த கதையை அன்றைக்குச் சொல்லியிருக்கிறார். நாற்பது வருட ஊழியத்தில் அதை ஒருவரிடமும் சொன்னதில்லையாம்.

கோயில்குட்டியாரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அந்தப் பெரியவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான்காவது மாதம் இவராகவே ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்கு நடந்து போயிருக்கிறார். வாசலில் நின்று, "எங்க அப்பா போன துக்கத்தை உங்க மேல கொட்டிட்டேன், பெரியவரே. தப்பு என்னுது" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, "உக்காருங்க ஐயா. அப்பாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போதுதான் அவர் முதல்முறையாக அழுதார்.

வழிகாட்டியாக இருக்க ஆசைப்படுகிற மூத்த ஊழியர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது சில உண்டு. கேட்டது கேட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். நம்மிடையே ரகசியம் வெளியேறுவது பெரும்பாலும் ஜெபக் குறிப்பாகத்தான். "பாவம் இன்னாருக்காக ஜெபிங்க, வீட்டுல கொஞ்சம் பிரச்சினை" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும், அந்த இளைஞர் இனி ஆயுசுக்கும் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். பெயரை மாற்றிப் பிரசங்கத்தில் உதாரணமாகச் சொல்வதும் அதே தப்புதான். கொடுக்கல் வாங்கல் வேண்டாம். அவருடைய சபைத் தேர்தலில் தலையிட வேண்டாம். பெண் ஊழியர்களுக்கு, முடிந்தவரை மூத்த பெண் ஊழியர் ஒருவரே துணையாக இருப்பது நல்லது. அப்படிப்பட்ட பெண்களை நம் சபைகள் இன்னும் போதுமான அளவு முன்னுக்குக் கொண்டுவரவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

"ஆவிக்குரிய தகப்பன்" என்ற உறவிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. அந்தப் பெயரில் எத்தனையோ நல்ல உறவுகள் இருக்கின்றன. ஆனால் யாரைக் கல்யாணம் செய்வது, எந்த ஊருக்குப் போவது, காணிக்கையை எங்கே அனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் தகப்பனின் உத்தரவு வேண்டும் என்றால், கேள்வி கேட்டால் அது கலகம் என்று ஆகிவிட்டால், நாற்பது வயது ஆளும் அங்கே பிள்ளையாகவே நின்றுவிடுவார். ஆதிச் சபையில் பவுலோடு ஊழியம் செய்த பர்னபாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஊழியப் பயணத்தின் பாதியில் திரும்பிப் போன மாற்குவுக்காகப் பவுலிடமிருந்தே பிரிந்தார். பல வருடம் கழித்து, வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதும் பவுல், மாற்குவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார், ஊழியத்துக்குப் பிரயோஜனமானவன் என்கிறார். பர்னபாவின் பெயர் அந்த இடத்தில் இல்லை.

1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் நம் வெள்ளாளன்விளை அசரியா பேசியதும் இதை ஒட்டியதுதான். இரண்டு வருடம் கழித்து தோர்ணக்கலில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர் அவர். நீங்கள் பொருளைத் தந்தீர்கள், உடலையும் தந்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மிஷனெரிகளைப் பார்த்துச் சொன்னார். மேலே நின்று கொடுக்கிறவர்களிடம் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்ன குரல் அது. இன்றைக்கு நம் இளம் ஊழியர்கள் நம்மிடம் கேட்பதும் அதையேதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, "நான் இல்லாமல் இருந்தால் நல்லது" என்ற பேச்சு வந்தாலோ, வழிகாட்டி தானே சமாளிக்கப் பார்க்கக் கூடாது. மனநல மருத்துவரிடம் கூடவே போக வேண்டும். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் இல்லை. எலியாவுக்கும் முதலில் உடம்புக்குத்தான் உதவி வந்தது. இரவு நேரத்தில் அவசரமென்றால் அரசின் டெலி மானஸ் சேவைக்கு, 14416 என்ற எண்ணுக்கு, அழைக்கலாம். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அந்தக் குருவானவர் இப்போது வேறு சேகரத்தில் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்னைப் பார்க்க வருவார். போன மாதம் திங்கள் காலையில் வர முடியாது என்று ஃபோன் செய்தார். பெரியவருக்குக் கண்ணில் புரை அறுவை சிகிச்சையாம், மகன் வெளிநாட்டில். "நீ வந்து கூட இருக்கியா தம்பின்னு அவங்களே கேட்டாங்க" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கைபேசியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகப் போவதாகவும், சாயங்காலம் வரை எடுக்க முடியாது என்றும் சொன்னார்.