மேசை ரம்பம் மரத்தை ஏன் திருப்பி எறிகிறது?

தச்சுப் பட்டறையில், மேசைப் பரப்பின் பிளவு வழியே வட்டப் பிளேடு மேலெழுந்து சுழலும் மேசை ரம்பத்தால் விபத்து என்றதும் கை பிளேடில் படுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பல வேளைகளில் அதற்கு முன்பே, அறுபட்டுக்கொண்டிருக்கும் மரம் துள்ளி எழுந்து அறுப்பவர் மீது பாய்கிறது. அதை அழுத்திப் பிடித்திருந்த கை, பிடிமானம் இழந்து பிளேடின் மேல் விழுகிறது.

பிளேடு சுழலும் திசைதான் இதற்குக் காரணம். நம் பக்கம் உள்ள பற்கள் கீழ்நோக்கி இறங்குவதால் மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி ஏறி, உச்சியைக் கடந்து நம்மை நோக்கி வருகின்றன. மரம் அந்தப் பின்பற்களில் உரசினால் அவை அதைத் தூக்கி, பிளேடின் வேகத்திலேயே எறிந்துவிடும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 முறை சுழன்றால் பல்லின் நுனி மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. கையை இழுத்துக்கொள்ள மனிதருக்கு ஏறத்தாழ 0.2 நொடி வேண்டும். அதற்குள் பிளேடு 13 முறை சுற்றிவிடும்.

மரம் ஏன் பின்பற்களை நாடுகிறது? சாய்ந்து வளர்ந்த மரத்திலும் சீராக உலராத மரத்திலும் உள்ளிறுக்கம் தங்கியிருக்கும். நீளவாக்கில் அறுக்கும்போது அது விடுபட, அறுத்த பிளவின் இரு பக்கங்களும் நெருங்கிப் பிளேடைக் கவ்வுகின்றன. மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கான வழிகாட்டிப் பட்டை பிளேடுக்கு இணையாக இல்லாவிட்டாலும், பட்டையே இல்லாமல் வெறுங்கையால் மரத்தைத் தள்ளினாலும் இதே ஆபத்துதான்.

இதைத் தடுக்கவே பிளேடுக்குப் பின்னால், சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு தகடு நிற்கிறது. அதன் தடிமன் பிளேடின் உடலைவிடச் சற்றுக் கூடுதலாகவும், பல் வெட்டும் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். அதனால் அது பிளவுக்குள் தடையின்றி நுழைந்து, பிளவு மூடாமலும் மரம் பின்பற்கள் பக்கம் திரும்பாமலும் காக்கிறது. பிளேடை ஏற்றி இறக்கும்போது தானும் ஏறி இறங்கும் தகடே சிறந்தது. இடைஞ்சல் என்று அதைக் கழற்றிச் சுவரில் மாட்டிவைப்பது, என் பார்வையில், பட்டறையில் செய்யக்கூடிய மிகத் தவறான சிக்கனம். தகடு இருந்தாலும் அறுப்பவர் பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். குறுகிய துண்டுகளைத் தள்ளுகட்டையால் தள்ள வேண்டும். கையுறை கூடவே கூடாது, ஏனெனில் பல்லில் சிக்கிய துணி கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

1999இல் அமெரிக்காவின் ஸ்டீஃபன் காஸ் உருவாக்கிய சாஸ்டாப் நுட்பத்தில் பிளேடு ஒரு சிறு மின் சமிக்ஞையை ஏந்தியிருக்கும். தோல் பட்டவுடன் உடல் அதில் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்ள, சமிக்ஞை குறைவதை உணர்ந்த கருவி ஓர் அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் பாய்ச்சுகிறது. சுமார் 5 மில்லி நொடியில், அதாவது மூன்றில் ஒரு சுற்றுக்குள், பிளேடு நின்றுவிடுகிறது. வியத்தகு கண்டுபிடிப்பு இது. ஆனால் அது அறிவது உடலின் தொடுகையை மட்டுமே. பாயும் மரத்தை அதனால் அறிய முடியாது என்பதால், அந்த ரம்பத்திலும் பிளேடுக்குப் பின்னால் அதே தகடு பொருத்தப்பட்டிருக்கிறது.