நாற்பது பேர் பாடும் பெரோத்தின்

பாடகர் குழுக்களுக்குப் பயிற்சி தருபவன் நான். கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கினாலே, 'விதேருந்த் ஓம்னேஸ்' கற்றுக்கொடுங்கள் என்று யாராவது கேட்டு வருவார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பெரோத்தின் என்ற இசையமைப்பாளர் அமைத்த லத்தீன் வழிபாட்டுப் பாடல் அது; நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டில் ஓடும். இணையத்தில் கேட்டு மயங்கியிருப்பார்கள். மயங்க வேண்டிய இசைதான். ஆனால் நாற்பது பேரை நிறுத்தி, ஆளுக்கொரு மைக் கொடுத்து, நான்கு குரல்களையும் முழங்கவிடுவதே அவர்கள் திட்டமாக இருக்கும். அதற்கு நான் சம்மதிப்பதில்லை.

அந்த இசை பாரிஸ் நோத்ர்-தாம் பேராலயத்தில் பிறந்தது. பேராலயம் அப்போது இன்னும் கட்டி முடியவில்லை. தலைமைப் பீடம் 1182இல் அர்ச்சிக்கப்பட்டிருந்தது. புத்தாண்டு நாளில் கோயிலுக்குள் நடந்த கும்மாளத்தை அடக்க 1198இல் ஆயர் ஓர் ஆணை பிறப்பித்தார். கூத்தைத் தடுத்த அதே ஆணை, சில வழிபாட்டுப் பாடல்களை மூன்று, நான்கு குரல்களில் பாட இடம் கொடுத்தது. பெரோத்தினின் நான்கு குரல் படைப்புகளை இந்த ஆணையோடு சேர்த்தே அறிஞர்கள் பேசுகிறார்கள்.

அவற்றுள் ஒன்றான 'விதேருந்த் ஓம்னேஸ்' கச்சேரி உருப்படி அல்ல. கிறிஸ்து பிறப்பு நாள் திருப்பலியில், வாசகத்துக்குப் பின் பாடப்படும் திருப்பாடல். அதன் தொடக்கச் சொற்கள் இரண்டும் நடுவில் வரும் வசனமும் தேர்ந்த தனிப்பாடகர்களுக்கு உரியவை. பல்குரல் அங்கே மட்டும்தான். மீதியைக் குழு முழுவதும் பழைய கிரகோரிய மெட்டில், அதாவது திருச்சபையின் பழைய லத்தீன் வழிபாட்டு மெட்டில், ஒரே குரலாகப் பாடும். நம் குழுக்கள் நேரம் மிச்சப்படுத்த முதலில் வெட்டுவது இந்த ஒருகுரல் பகுதியைத்தான்! அடிக்குரல் நீட்டிப் பிடிக்கும் ஒவ்வொரு சுரமும் அந்தப் பழைய மெட்டிலிருந்து வருவது. மெட்டை வெட்டிவிட்டால் கேட்பவருக்கு மிஞ்சுவது வெறும் அலங்காரம். மெட்டும் சொல்லும் இப்படி மறைந்துபோவதைத்தான் 1320களில் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் கண்டித்தார். அவர் சற்றுக் கடுமையாகவே பேசினார் என்பது என் எண்ணம். ஆனாலும் அந்தக் கவலையில் நியாயம் இருந்தது.

இனி, பாடுவோருக்கு. மேலே உள்ள மூன்று குரல்களும் ஏறக்குறைய ஒரே எல்லைக்குள் ஓடி, ஒன்றையொன்று தாண்டித் தாண்டிச் செல்கின்றன. குரலுக்கு ஒருவர் நின்றால் அந்தப் பின்னல் தெளிவாகக் கேட்கும்; பத்துப் பேர் நின்றால் கூழாகிவிடும். அடிக்குரலுக்கு மட்டும் நான் மூன்று நான்கு பேரை வைப்பேன். 'வி' என்ற ஓரசையே நிமிடக்கணக்கில் நீள்கிறது. முறை மாற்றி மூச்செடுத்தால்தான் அறுபடாமல் நிற்கும். தொண்டையை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். கல் மண்டபத்தில் ஒவ்வொரு சுரமும் சில விநாடிகள் தங்கும், ஆகவே வேகத்தைக் கட்டிடத்திடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒலிபெருக்கியில் செயற்கை முழக்கம் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

முழுதாகப் பாடப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். இன்றைய திருப்பலியில் பதிலுரைப் பாடலின் இடத்தில் இதைப் பாடலாம், ஆனால் பங்குத்தந்தையிடம் முன்னதாகவே நேரத்தைச் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அவர் தயங்கினால், கிரகோரிய மெட்டை மட்டும் ஒரே குரலில் பாடுங்கள். நாற்பது பேருக்கும் அதில் இடம் உண்டு.