சஸ்பென்ஸ் என்றால் மர்மமா?

'படம் செம சஸ்பென்ஸ்' என்று வாயால் சொல்லிவிட்டு, எழுதும்போது 'மர்மப் படம்' என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். மர்மம் வேறு. நமக்கு ஒன்று தெரியாமல் இருந்தால் அது மர்மம். சஸ்பென்ஸில் பெரும்பாலும் நமக்குத் தெரியும். திரையில் இருப்பவருக்குத்தான் தெரியாது.

சொல்லின் வேர் லத்தீன். 'பெண்டெரே' என்றால் தொங்கவிடுதல். அது 'சஸ்பெண்டெரே' ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கோப்பு 'பெண்டிங்'கில் கிடப்பதும், ஊழியர் 'சஸ்பெண்ட்' ஆவதும், கடிகாரத்தின் 'பெண்டுலமும்' இதே குடும்பம்தான்.

அந்தத் தொங்கலை உடம்பால் உணர, 1967இல் வந்த 'வெயிட் அன்டில் டார்க்' பாருங்கள். விபத்தில் பார்வை இழந்த சூசியாக ஆட்ரி ஹெப்பர்ன். ஹெராயின் ஒளித்த பொம்மையைத் தேடி மூன்று பேர் அவள் வீட்டுக்குள் புகுந்திருக்கிறார்கள். அலமாரிக்குள் ஒரு பெண்ணின் பிணம் தொங்குகிறது. சூசி வருகிறாள், தன் வீடுதானே என்று நிம்மதியாக நடமாடுகிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நாம்தான். கடைசியில் விளக்குகளை உடைத்து, எதிரியையும் தன் இருட்டுக்குள் இழுக்கிறாள். ஃபிரிட்ஜுக்குள்ளும் ஒரு விளக்கு இருப்பது அவள் நினைவில் இல்லை. அவன் அதன் கதவைத் திறக்கிறான்!

குறையும் உண்டு. ஒரு பொம்மைக்காக வேஷம் மாற்றி, பொய் சொல்லி, இவ்வளவு பெரிய நாடகம் போடுவார்களா? நம்ப முடியவில்லை. பிரெடெரிக் நாட் என்பவர் எழுதிய மேடை நாடகத்திலிருந்து எடுத்த படம் என்பதால் முன்பாதி வசனமாகவே நகர்கிறது. அந்த இடங்களில் நாம் தொங்குவதில்லை; 'எதற்கு இதெல்லாம்' என்று கேட்டபடி தரையில் நிற்கிறோம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? திகில் என்றால் அது பயம். பரபரப்பு செய்திக்கும் பொருந்தும், சந்தைக்கும் பொருந்தும். எனக்குப் பிடித்தது 'அந்தரம்'. 'அந்தரத்தில் தொங்குது' என்று நாம் சொல்வதில் அந்த லத்தீன் வேரின் பொருள் அப்படியே இருக்கிறது. ஈழத்திலோ 'அந்தரப்படாதேங்கோ' என்றால் பதறாதீர்கள் என்று பொருள். தொங்கலும் பதற்றமும் ஒரே சொல்லில்! அது வடமொழி வழி வந்தது என்று தயங்குபவர்கள் 'தவிப்பு' என்று எழுதலாம், அதுவும் நன்றாகவே பொருந்தும்.

ஆனால் 'சஸ்பென்ஸை உடைச்சிடாதே' என்று நண்பர் கெஞ்சினால், அங்கே அந்தரம் ஒட்டாது. அவர் சொல்வது கதையின் முடிச்சை. 'முடிச்சை அவிழ்த்துடாதே' என்றாலே போதும்.