போஸ்ட்மெட்டீரியலிசம்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஐரோப்பாவில் இடதுசாரிக் கட்சிகளுக்குத் தொழிலாளர் ஓட்டு ஏன் குறைந்தது, படித்த நடுத்தர வர்க்கத்தின் ஓட்டு ஏன் கூடியது என்று யார் எழுதினாலும் 'போஸ்ட்மெட்டீரியலிசம்' என்ற சொல்லைத் தொடாமல் போவது கடினம். பிழைப்பும் பாதுகாப்பும் உறுதியான பிறகு, சுதந்திரம், சுற்றுச்சூழல் போன்றவற்றுக்கு முதலிடம் தரும் மனப்போக்கு அது. இதைத் தமிழாக்க உட்கார்ந்தால் கைக்கு முதலில் வருவது 'பின்பொருள்முதல்வாதம்'. தயவுசெய்து அதை எழுதாதீர்கள்.

பொருள்முதல்வாதம் ஒரு தத்துவ நிலைப்பாடு. உலகத்துக்கு அடிப்படை பொருளா, கருத்தா என்ற கேள்விக்குப் பொருளே முதல் என்று அது பதில் சொல்கிறது. மார்க்சியம் அதன் மேல் நிற்கிறது. இடதுசாரிகளைப் பற்றிய கட்டுரையில் 'பின்பொருள்முதல்வாதம்' என்று பார்க்கிறவர், யாரோ மார்க்சியத் தத்துவத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் புரிந்துகொள்வார். ஆனால் இந்தச் சொல்லில் வரும் 'மெட்டீரியல்' சோறு, வேலை, விலைவாசி, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு ஆகியவற்றைக் குறிக்கிறது. லத்தீனில் 'மாத்தேரியா' என்றால் கட்டடத்துக்கான மரம், மூலப்பொருள். 'போஸ்ட்' என்றால் பிறகு.

சொல்லைப் பரப்பியவர் அமெரிக்க அரசியல் அறிஞர் ரொனால்ட் இங்கிள்ஹார்ட் (1934-2021). மேற்கு ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்புகளை வைத்து 1971இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணிப்பின் மையக் கேள்வி மிக எளியது. நாட்டில் ஒழுங்கைக் காப்பது, அரசின் முக்கிய முடிவுகளில் மக்களுக்குக் கூடுதல் பங்கு தருவது, விலை ஏற்றத்தைத் தடுப்பது, பேச்சுரிமையைக் காப்பது ஆகிய நான்கில் உங்களுக்கு முக்கியமான இரண்டு எவை? ஒழுங்கையும் விலையையும் தேர்ந்தவர் ஒரு வகை. மக்கள் பங்கையும் பேச்சுரிமையையும் தேர்ந்தவர் மறு வகை. மற்றவர்கள் கலப்பு.

வயது குறையக் குறைய இரண்டாம் வகையினர் கூடியதை அவர் கண்டார். எது பற்றாக்குறையோ அதற்குத்தான் மனம் அதிக மதிப்புத் தரும், இளமையில் படிந்த மதிப்பு எளிதில் போகாது என்ற இரண்டு கருத்துகளை இணைத்து இதை விளக்கினார். போரையும் பசியையும் பார்த்து வளர்ந்தவர் ஒழுங்கையும் விலையையும் கேட்பார். 1945க்குப் பின் வயிறு நிறைந்து வளர்ந்தவர் சுதந்திரம், சுற்றுச்சூழல், பெண்ணுரிமை என்று கேட்பார். தலைமுறை மாற மாற விழுமியமும் மாறும். இதை அவர் 'அமைதியான புரட்சி' என்றார்.

அந்த 1971 கட்டுரையில் அவர் இன்றைய சொற்களைப் பயன்படுத்தவில்லை. முதல் வகையினரை 'பொருள் ஈட்டும் நாட்டமுடையவர்' என்ற கருத்துத் தரும் சொல்லாலும், இரண்டாம் வகையினரை 'பூர்ஷ்வா நிலைக்குப் பிந்தையவர்' என்றும் குறித்தார். பிறகுதான் மெட்டீரியலிஸ்ட், போஸ்ட்மெட்டீரியலிஸ்ட் என மாற்றினார். நல்ல மாற்றம் என்பேன். விலை ஏறுகிறதே என்று கவலைப்படுகிறவரைப் பொருள் சேர்க்கும் ஆசைக்காரர் என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

இடதுசாரிக் கட்சிகளுக்கான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கூலி, வேலை நேரம், ஓய்வூதியம் எல்லாமே பிழைப்பைச் சேர்ந்த கோரிக்கைகள். இந்தக் கட்சிகள் வளர்ந்ததே அவற்றின் மேல்தான். 1968 மே மாத பிரான்ஸில் இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில் கேட்டன. மாணவர்கள் அதிகாரத்தையும் பழைய ஒழுக்க விதிகளையும் எதிர்த்தார்கள். லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் நடத்திய கிரெனெல் பேச்சுவார்த்தையில் குறைந்தபட்சக் கூலியை 35 சதவீதம் உயர்த்த ஒப்புக்கொள்ளப்பட்டது. மாணவர் இயக்கத்தை பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சி சந்தேகத்தோடுதான் பார்த்தது.

பிளவு மேற்கு ஜெர்மனியில் தேர்தல் வடிவம் எடுத்தது. அணுமின்சாரத்தையும் ஏவுகணைகளையும் எதிர்த்தவர்கள், ஆட்சியில் இருந்த சமூக ஜனநாயகக் கட்சியில் இடம் காணாமல் 1980இல் பசுமைக் கட்சியைத் தொடங்கினார்கள். 1983இல் அது 5.6 சதவீத ஓட்டுடன் நாடாளுமன்றத்துக்குள் போனது. பழைய கட்சிக்கு இருபக்க நெருக்கடி. சுற்றுச்சூழல் பக்கம் சாய்ந்தால் ஆலைத் தொழிலாளி தள்ளிப் போவார், சாயாவிட்டால் இளைஞர் போவார். இதற்குச் சுலபமான தீர்வு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1992இல் இத்தாலிய அறிஞர் பியேரோ இக்னாசி, புதிய தீவிர வலதுசாரிக் கட்சிகளின் எழுச்சியை 'அமைதியான எதிர்ப்புரட்சி' என்றார். புது விழுமியங்களால் ஓரங்கட்டப்பட்டதாக உணர்ந்தவர்களின் பதில் அது. 2018இல் பிரெஞ்சுப் பொருளியல் அறிஞர் தோமா பிக்கெட்டி, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் இடதுசாரிக் கட்சிகள் படிப்பில் உயர்ந்தவர்களின் கட்சிகளாக மாறியதைக் காட்டினார்.

இங்கிள்ஹார்ட்டின் கேள்வியிலும் ஒரு குறை உண்டு. அந்த நான்கில் விலைவாசி இருக்கிறது, வேலையின்மை இல்லை. வேலை பறிபோனவர் விலைவாசியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கணக்கில் அவர் பேச்சுரிமைப் பக்கம் விழக்கூடும். பொதுவாக இடதுசாரிகளுக்கு நெருக்கமான ஒருவரின் முதல் கவலை, கேள்வித்தாளிலேயே இல்லாமல் போய்விட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். 'பின்பொருளியம்' சுருக்கமானதுதான், ஆனால் பொருளியலோடு குழப்பும். 'பொருள்கடந்த விழுமியம்' காதுக்கு இனிமை. ஆனால் 'கடந்த' என்பதில் துறவின் வாடை வீசுகிறது. இவர்கள் எதையும் துறக்கவில்லை, அடிப்படை நிறைவேறிய பிறகு அடுத்ததைக் கேட்கிறார்கள். 'பொருளாசையற்ற' என்று எழுதினால், மறுபக்கத்தில் நிற்கும் தொழிலாளி பேராசைக்காரர் ஆகிவிடுகிறார்.

நான் எழுதுவது: மெட்டீரியலிச விழுமியத்துக்கு 'வாழ்வாதார விழுமியம்', போஸ்ட்மெட்டீரியலிச விழுமியத்துக்கு 'வாழ்வாதாரத்துக்கு அப்பாலான விழுமியம்'. நீளம்தான், ஆனால் இருபக்கத்தாரையும் இழிவுபடுத்தாது. ஒழுங்கு, பாதுகாப்பு என்ற பகுதி 'வாழ்வாதாரம்' என்பதில் முழுதாக அடங்காது. அதனால் கட்டுரையில் முதல் முறை வரும்போது 'வாழ்வாதாரமும் பாதுகாப்பும்' என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். 'மதிப்பு' என்றால் விலையும் மரியாதையும் நினைவுக்கு வரும், ஆகவே 'விழுமியம்' பொருத்தம். அதன் மூலமான 'விழுமம்' பழந்தமிழில் மேன்மையையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும்.