யாரை நம்பிக் குடும்பத்தை விட்டுப் போவீர்கள்?

கவசம் பூட்டிக்கொண்டு போருக்குக் கிளம்புகிறான் ஒருவன். உயிரோடு திரும்புவானா தெரியாது. பெற்றோரையும் மனைவி மக்களையும் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். நண்பர்கள் இருவர். ஒருவன், "உன் அப்பாவை என் அப்பாவைப்போல எப்படிப் பார்த்துக்கொள்வேன்?" என்பவன். மற்றவன் நண்பன் பசித்தால் சோறு போடுவான், நோயில் படுத்தால் கூடவே இருப்பான், இறந்தால் அடக்கமும் செய்வான். குடும்பத்தை யாரிடம் விடுவான்?

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சீனாவில் வாழ்ந்த தத்துவஞானி மோ ட்ஸூ கேட்ட கேள்வி இது. பாரபட்சமில்லாத அன்பு நடக்காத காரியம் என்று வாதாடுகிறவரும் இந்த நேரத்தில் இரண்டாமவனைத்தான் தேடிப்போவார் என்றார். அந்த அன்புக்கு 'ஜியான் ஐ' என்று பெயர்.

திருடனுக்குத் தன் வீட்டின்மேல் அக்கறை உண்டு, அடுத்தவன் வீட்டின்மேல் இல்லை. அதனால்தான் திருடுகிறான். நாடு பிடிக்கும் அரசனும் அப்படியே என்பது மோ ட்ஸூவின் கணக்கு.

சரி, மனிதர்கள் மாறுவார்களா? அதற்கு அவர் அன்றைய சீன நாடுகளில் ஒன்றான சூவை ஆண்ட லிங் மன்னனின் கதையைச் சொல்கிறார். மன்னனுக்கு மெல்லிய இடை பிடிக்கும். அதிகாரிகள் ஒரு வேளை மட்டுமே சாப்பிட்டார்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக் கச்சை கட்டினார்கள். சுவரைப் பிடித்துத்தான் எழுந்தார்கள். ஓராண்டில் அரசவை முழுக்கக் கருத்த முகங்கள். மேலிடம் விரும்பினால் பட்டினியே வழக்கமாகும்போது, ஒருவருக்கொருவர் உதவுவது ஆகாதா?

பின்னால் வந்த மென்சியஸ், கன்பூசியஸ் வழியில் வந்த தத்துவஞானி, இதைக் கடுமையாக எதிர்த்தார். எல்லோரையும் ஒன்றாக நேசிப்பது தந்தையை மறுப்பது என்றார். அண்ணன் பிள்ளைமேல் உள்ள பாசம் பக்கத்து வீட்டுக் குழந்தைமேல் வருமா என்றும் கேட்டார். பாசத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஆனால் மோ ட்ஸூ கேட்டது பாசத்தை விடக் கடமையை என்றே நான் படிக்கிறேன். அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் விதமும் அதைத்தான் காட்டுகிறது.

சோங் என்ற சிறிய நாட்டைத் தாக்க, சூ நாட்டுக்காகக் கோங்ஷு பான் என்ற தச்சர் மதிலேறும் ஏணிகள் செய்திருந்தார். கேள்விப்பட்ட மோ ட்ஸூ பத்து நாள் இரவும் பகலும் நடந்து சூவின் தலைநகரை அடைந்தார். தச்சரோடு மாதிரிப் போர் நடத்த, இடுப்புக் கச்சையை அவிழ்த்து மதிலாக வளைத்தார். சிறு மரத்துண்டுகள் போர்க்கருவிகள் ஆயின. தச்சர் ஒன்பது முறை தாக்கினார், ஒன்பது முறையும் மோ ட்ஸூ தடுத்தார். தன்னைக் கொன்றாலும் பயனில்லை, சீடர்கள் 300 பேர் ஏற்கெனவே சோங் மதில்மேல் காத்திருக்கிறார்கள் என்றார். அப்போதைய சூ மன்னன் படையெடுப்பைக் கைவிட்டான்.

திரும்பும் வழியில் சோங் நாட்டில் மழை பிடித்தது. ஊர் வாயிலில் ஒதுங்கப் போனார். காவலாளி உள்ளே விடவில்லை.