அறிவிப்பு வந்துவிட்டது, பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு

மறுபடியும் ஒரு மனு. கடலூர் பக்கத்து அரசுக் கல்லூரி ஒன்றின் முன்னாள் மாணவர்கள் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுத்திருக்கிறார்கள். புதிய வகுப்பறைக் கட்டடம் என்று சட்டமன்றத்தில் அறிவித்து ஒரு வருடம் ஆகிறதாம், ஒரு செங்கல்கூட இறங்கவில்லையாம், பிரின்சிபால் பணத்தை என்ன செய்தார் என்று விசாரிக்க வேண்டுமாம். கூடவே பேப்பர் கட்டிங் ஒன்றை இணைத்திருக்கிறார்கள். கல்லூரி அலுவலகக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரி மனுக்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஐயா, அந்தப் பணம் பிரின்சிபால் கைக்கு வரவே வராது. வந்தால்தானே சாப்பிட!

பட்ஜெட்டில் ஒதுக்கீடு என்றால், இந்தத் தலைப்பில் இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று சட்டமன்றம் தரும் அனுமதி. மூட்டை கட்டி யாரும் அனுப்பி வைப்பதில்லை. அமைச்சர் அறிவித்த பிறகு உயர்கல்வித் துறை அரசாணை போட வேண்டும், அதற்கு முன் நிதித் துறை ஒத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பொதுப்பணித் துறை மதிப்பீடு, டெண்டர், வேலை உத்தரவு. கட்டடத்துக்கான தொகை மூலதனச் செலவுக் கணக்கில், 4202 என்ற தலைப்பில் வரும்; பில் போடுவது பொதுப்பணித் துறை. சாவியை வாங்கிக்கொள்வதோடு கல்லூரியின் வேலை முடிந்தது. அறிவிப்பு வந்ததும் அரசாணை எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால் வேலை இன்னும் தலைமைச் செயலகத்தைத் தாண்டவில்லை என்று அர்த்தம். அதற்குக் கடலூரில் மனு கொடுத்து என்ன பயன்?

கல்லூரி தன் கையால் செலவழிப்பது 2202, பொதுக் கல்வி. பள்ளிக்கூடமும் கல்லூரியும் அந்த ஒரே தலைப்பின் கீழ்தான், உட்பிரிவில்தான் பிரியும். உயர்கல்வித் துறைக்கான பட்ஜெட் புத்தகத்தை, அதாவது மானியக் கோரிக்கை எண் 20-ஐ, எடுத்துப் புரட்டினால், அரசுக் கல்லூரிகளுக்கு நேராகப் பெரும்பகுதி சம்பளம் என்று தெரியும். மீதியில்தான் கரண்ட் பில், லேப் சாமான், சாக்பீஸ் எல்லாம். ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு நாமாகத் திருப்ப முடியாது. சம்பளத் தலைப்பில் லட்சம் லட்சமாக மிஞ்சிக் கிடக்கும், பக்கத்திலேயே வேதியியல் லேபில் பியூரெட் குழாய் கசிந்துகொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

மார்ச் 31-க்குள் செலவாகாதது சரண்டர், அதாவது அரசிடமே திரும்பிப் போய்விடும். ஒருமுறை மார்ச் கடைசி வாரத்தில் லேப் கண்ணாடிச் சாமான் பில் ஒன்று கருவூலத்திலிருந்து திரும்பி வந்தது. விலைப்புள்ளி மூன்று இணைத்திருந்தோம், ஒன்றில் தேதி இல்லை. துறைத் தலைவர் சாமானைக் கேட்டதே மார்ச் முதல் வாரத்தில்தான். தேதி போட்டு வாங்கி வருவதற்குள் முப்பத்தொன்று தாண்டிவிட்டது. புது வருடத்தில் அந்தப் பணம் கிடையாது, கடைக்காரருக்குப் பாக்கி மட்டும் மிச்சம். இப்போது களஞ்சியம் என்ற அரசின் இணையவழிக் கணக்கு அமைப்பில் எல்லாமே கணினிமயம், ஆனால் மார்ச் மாத ஓட்டம் மாறவில்லை. பேராசிரியர்களே, தயவுசெய்து ஜூலையில் பட்டியல் கொடுங்கள்.

பெற்றோர் சங்கத்தினர் ஏப்ரலில் வந்து சண்டை போடுவதில் பொருளில்லை. வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் சமயத்திலேயே அடுத்த வருட மதிப்பீடு மேலே போகத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே போய், எங்கள் ஊர் கல்லூரிக்கு என்ன கேட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எழுதவே இல்லை என்றால் அப்போது திட்டுங்கள், நானும் உங்களோடு வருகிறேன்.

எந்தத் துறைக் கணக்கு என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சிதம்பரத்தைப் பாருங்கள். 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கிய பிறகு, 2013-இல் தனிச் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. இனிக் கஷ்டம் தீர்ந்தது என்று பேசாதவர் இல்லை. ஆனால் தேவைக்கு மேல் இருந்த ஊழியர்களை மாநிலம் முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அங்கிருந்த மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அரசுக் கல்லூரிக் கட்டணம் கேட்டுப் போராடினார்கள். 2021-இல் அது உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாறி, கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆன சமயத்தில்தான் கட்டணமும் இறங்கியது. (பாண்டியில் மட்டும் பணம் எப்படி வருகிறது என்று கேட்காதீர்கள். அங்கே பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம், 1985-இலிருந்து மத்திய அரசுப் பணம். தாகூர் கலைக் கல்லூரிக்குப் புதுவை அரசின் பட்ஜெட். இரண்டுக்கும் நம் கோட்டைக்கும் சம்பந்தமில்லை.)

மாணவிகளுக்கு ஒன்று. புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் சமூக நலத் துறையின் பணம், நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவது. கல்லூரிக் கிளார்க்கிடம் சண்டை போட்டால் வராது. வங்கிக்குப் போய், ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பணம் வந்து, பாஸ்புக் இல்லாத பழைய கணக்கில் தூங்கிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆதிதிராவிடர் நல உதவித்தொகைக்கும் இதே சோதனைதான்.

சந்தேகம் தீரவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். "அரசு எவ்வளவு கொடுத்தது" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும். எந்த நிதியாண்டு, எந்தக் கணக்குத் தலைப்பு, ஒதுக்கியது எவ்வளவு, செலவு எவ்வளவு, சரண்டர் எவ்வளவு, சரண்டருக்குக் காரணம் என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். பிரின்சிபால் மேல் குறை சொல்ல உண்மையிலேயே ஏதாவது இருந்தால் அது அங்கேதான் இருக்கும்.